ஓடாத உடம்பு தேயும்



பொறியியல் படிக்கப் போனால் முதல் ஆண்டிலேயே ஒரு சொல் காதில் விழும்: தேய்மானம். எந்த இயந்திரமாக இருந்தாலும் ஓட ஓடத் தேயும். மோட்டார் சங்கிலி, கார் பிரேக், தண்ணீர்ப் பம்ப், எல்லாத்துக்கும் ஒரே கதைதான். குறைவாக ஓட்டினால் அதிக நாள் உழைக்கும் என்பது நம்ம அப்பாமார்கள் காரை விற்கும்போது சொல்லும் கணக்கு.

மனித உடம்பு மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. வேலை கொடுத்தால் எலும்பு கெட்டிப்படும், தசை வளரும், இருதயம் பலப்படும். சும்மா வைத்தால் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். இது எப்படி நடக்கிறது, நமக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகமாகச் சுடுகிறது, என்ன செய்யலாம் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

நம் வீட்டு நிலவரம்

சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் ஒரு பெரிய சுகாதார ஆய்வு நடத்துகிறது. 2019 ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 100 பேரில் 18 பேருக்கு நீரிழிவு, அதாவது நம் வீடுகளில் சொல்லும் இனிப்பு நீர். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 100க்கு 31. கோயில் அன்னதானத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும் 10 பெரியவர்களை மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். அதில் 3 பேர்.

அதே ஆய்வில், போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் 4 பேரில் ஒருவர். 2023 ஆய்வில் இது 10 பேரில் 3 பேராகக் கூடிவிட்டது. முன்னேறும் நாட்டில் எல்லாம் முன்னேறுகிறது, இதுவும் சேர்ந்து.

"எனக்கு 20 வயசுதான், இதெல்லாம் தாத்தா கதை" என்று நினைக்கலாம். ஆனால் நோய் கண்டுபிடிக்கப்படும் நாளும் அது தொடங்கும் நாளும் ஒன்றல்ல. இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடம்பு உள்ளுக்குள் தடுமாற ஆரம்பித்துவிடும். 45 வயதில் தெரியவரும் நோய்க்கான விதை பெரும்பாலும் நம்ம வயசில்தான் விழுகிறது.

விதை முளைத்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குபவர்களில் மிக அதிகமானோருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் நீரிழிவு. டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மாமாவையோ அத்தையையோ தெரியாத தமிழ்க் குடும்பம் அபூர்வம். இந்த 12 மணி நேரத்தை நினைவில் வையுங்கள். கட்டுரையின் பின்பகுதியில் ஒரு கணக்குக்கு வேண்டும்.

ஒரே பேருந்து, இரண்டு இருதயம்

உடற்பயிற்சி நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். அதை முதலில் சரியாக அளந்து காட்டியவர் யார் தெரியுமா? ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இலண்டனில் மாரடைப்பு கூடிக்கொண்டே போனது. காரணம் புரியவில்லை. மோரிஸ் இலண்டனின் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார்.

ஒரு பேருந்தில் இரண்டு பேர் வேலை செய்வார்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவார், ஒரு நாளைக்குச் சுமார் 600 படிகள். இருவரும் ஒரே ஊர், ஒரே புகை, ஏறக்குறைய ஒரே வருமானம். ஆனால் 1953ல் முடிவுகள் வெளிவந்தபோது, நடத்துநர்களிடம் மாரடைப்பு குறைவாகவே இருந்தது. மாரடைப்பு வந்த உடனேயே இறந்துபோவது ஓட்டுநர்களிடம் இருந்ததில் பாதி அளவுக்கும் குறைவு.

"ஓட்டுநர்கள் குண்டாக இருந்திருப்பார்கள், அதுதான் காரணம்" என்று நமக்குத் தோன்றும். மோரிசுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. ஊழியர்களுக்குச் சீருடை தைத்த இடுப்பு அளவுகளை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியான ஓட்டுநரை ஒல்லியான நடத்துநரோடும், பருத்த ஓட்டுநரைப் பருத்த நடத்துநரோடும் ஒப்பிட்டபோதும் நடத்துநர் பக்கமே ஆபத்து குறைவாக இருந்தது. ஆக, எடை ஒரு கணக்கு, அசைவு இன்னொரு கணக்கு. "நான் ஒல்லிதானே, எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இந்த ஆய்வே பதில். மோரிஸ் தாமும் வயதான காலம்வரை உடற்பயிற்சியை விடவில்லை. 2009ல் இறந்தபோது அவருக்கு 99 வயது.

மூன்று வாரப் படுக்கை

இன்னொரு ஆய்வு நம்ம வயசுக்காரர்கள் மேலேயே நடந்தது. 1966ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயதை ஒட்டிய 5 ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் முழுக்கப் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். நோய் எதுவும் இல்லை, சும்மா படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று வாரம் முடிந்து அளந்து பார்த்தபோது, கடுமையாக உழைக்கும்போது உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு கால்வாசிக்கும் மேல் குறைந்திருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 30 ஆண்டுகள் கழித்து, 1996ல் அதே 5 பேரையும் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். இப்போது வயது 50. எடை கூடியிருந்தது, தொப்பை வந்திருந்தது. ஆனாலும் அந்த 30 வருஷ முதுமை செய்த சேதம், 20 வயதில் மூன்று வாரம் படுத்திருந்த சேதத்தைவிடக் குறைவு! அப்புறம் அவர்களுக்கு ஆறு மாதம் நடை, மெது ஓட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்தார்கள். இருதயத் திறன் மூன்று வாரப் படுக்கைக்கு முன்பு 20 வயதில் இருந்த அளவுக்குத் திரும்பி வந்துவிட்டது.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் ஒரு நம்பிக்கையும் இருக்கின்றன. உடம்பு கெடுவதற்கு முதுமை வரும்வரை காத்திருக்காது. சரி செய்ய நினைத்தால் 50 வயதிலும் ஒத்துழைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் சர்க்கரை. நாம் சாப்பிடும் சோறு, ரொட்டி சானாய், மைலோ எல்லாம் கடைசியில் குளுக்கோஸ் ஆகி இரத்தத்தில் கலக்கின்றன. அதை வாங்கிச் சேமித்து வைக்கும் மிகப் பெரிய கிடங்கு நமது தசைகள். கிடங்குக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். தசைகள் வேலை செய்யாமல் இருந்தால் கிடங்கு எப்போதும் நிரம்பியே இருக்கும், கதவும் இறுகிப் போகும். உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து கதவைத் தட்டும். ஒரு கட்டத்தில் கணையம் களைத்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவு வரும் வழி இதுதான்.

தசை சுருங்கி விரியும்போது ஓர் அதிசயம் நடக்கிறது. இன்சுலின் இல்லாமலே குளுக்கோஸ் உள்ளே போக இன்னொரு கதவு திறக்கிறது. அதனால்தான் சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தாலே இரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. ஒருமுறை நல்ல பயிற்சி செய்தால் அதன் பலன் ஒரு நாளிலிருந்து இரண்டு நாள் வரை நிற்கும். அப்புறம் போய்விடும். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட்டுத் தாக்கிவிட்டு ஆறு நாள் படுத்திருப்பதைவிட, நாட்களைப் பிரித்துக்கொள்வது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, இருதயமும் இரத்தக் குழாயும். இருதயமும் ஒரு தசைதான். பழக்கப்பட்ட இருதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளும். அதனால் ஓய்வில் இருக்கும்போது மெதுவாகத் துடித்தாலே போதும். பழக்கமில்லாத இருதயம் அதே வேலையைச் செய்ய அதிகமுறை துடிக்க வேண்டியிருக்கும். கால்களில் இறங்கிய இரத்தத்தை மேலே அனுப்ப இருதயத்துக்கு ஓர் உதவியாளரும் உண்டு. கெண்டைக்கால் தசை நடக்கும்போது பம்ப் மாதிரி இரத்தத்தை மேலே பிழிந்து தள்ளும். மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால் அந்தப் பம்ப் நின்றுவிடும். நீண்ட பேருந்துப் பயணத்தில் பாதம் வீங்குவது இதனால்தான்.

பிறகு எலும்பும் முதுகும். எலும்பு தன்மேல் விழும் பாரத்தைப் பார்த்துத் தன்னைக் கட்டிக்கொள்ளும். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்கள் மாதத்துக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு எலும்பை இழக்கிறார்கள். அதற்காகவே விண்வெளி நிலையத்தில் நாளுக்குச் சுமார் 2 மணி நேரம் பயிற்சி செய்கிறார்கள். சோபாவில் சாய்ந்து கைத்தொலைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் நாமும் அதே பாதையில் மெதுவாகப் போகிறோம். இருபதுகளின் முடிவுக்குள் எலும்பில் எவ்வளவு சேர்த்து வைக்கிறோமோ, அதுதான் பிற்காலத்துக்கான சேமநிதி. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளுக்கு நேரடி இரத்த ஓட்டம் மிகவும் குறைவு. நாம் அசையும்போது அவை பஞ்சு மாதிரி அமுங்கி விரிந்துதான் சத்தை வாங்குகின்றன. பரீட்சைக் காலத்தில் இடுப்பு வலிக்குதே என்று புலம்புபவர்கள் இதை யோசிக்கலாம்.

கடைசியாக மனசு. ஒழுங்காக உடற்பயிற்சி செய்பவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, பதற்றமும் மனச்சோர்வும் குறைகின்றன. எஸ்.டி.பி.எம். படிக்கும் பிள்ளையிடம் "விளையாட்டை நிறுத்து, படி" என்று சொல்வது நம் வீட்டு வழக்கம். அரை மணி நேர விளையாட்டு படிப்பைக் கெடுக்காது, படிப்பைத் தாங்கும்.

வேலை போனது, தட்டு மாறவில்லை

நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாதிப்பு? பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. தெற்காசிய உடம்பில், பார்க்க ஒல்லியாக இருந்தாலும், வயிற்றுக்குள் கொழுப்பு எளிதில் சேரும். அதனால்தான் நமக்கு அளவுகோலே வேறு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்கு மேல் போனால் எச்சரிக்கை. உடல் எடைக் குறியீட்டிலும் 25 வரை காத்திருக்காமல் 23லேயே கவனிக்கச் சொல்கிறார்கள்.

பரம்பரையோடு வரலாறும் சேர்ந்தது. நம்மில் பலரின் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் நடந்து, குனிந்து, நிமிர்ந்து வெட்டி, அப்புறம் அதே சுற்றை மறுபடி நடந்து பால் எடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்குப் போனார்கள். அந்த உழைப்புக்குத் தட்டு நிறையச் சோறும் சர்க்கரை தூக்கலான தேநீரும் தேவைப்பட்டன.

தோட்டங்கள் துண்டாகி, மக்கள் பட்டணத்துக்கு வந்தோம். நல்லதுதான். அந்தக் கூலி வாழ்க்கையின் வறுமைக்கு யாரும் திரும்பிப் போக வேண்டாம். ஆனால் என்ன நடந்தது பாருங்கள்: வேலை போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இஞ்சினை அணைத்துவிட்டு எண்ணெய் மட்டும் முழுத் தொட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறோம். பாட்டி மைல் கணக்கில் நடந்த இடத்தில், பேரன் பக்கத்துத் தெரு மாமாக் கடைக்கு மோட்டாரில் போகிறான். அதற்கும் சோம்பல் வந்தால் சாப்பாடு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

"நேரம் இல்லண்ணே"

இளைஞர் முகாம்களில் அடிக்கடி கேட்கும் சாக்குகள் சில இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நேரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி. அல்லது 75 நிமிடம் கடுமையான பயிற்சி. கூடவே வாரத்தில் 2 நாள் தசைகளுக்கு வேலை. 150 நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம். அந்த 12 மணி நேர நாற்காலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பயிற்சி செய்தால் நோயே வராது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. உணவும் பரம்பரையும் சேர்ந்துதான் முடிவு செய்யும். ஆனால் நம் கையில் இருக்கும் பங்கு இது.

ஜிம்முக்குக் காசு இல்லை. நடக்கக் காசு வேண்டாம். மிதமான பயிற்சிக்கு எளிய சோதனை உண்டு: பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் நடந்தால் போதும். தண்டால், பஸ்கி இரண்டும் நம் முன்னோர் சிலம்பத்துக்கும் மல்லுக்கும் உடம்பைத் தயார் செய்த வழி. அதற்கு நாலடி தரை இருந்தால் போதும்.

10,000 அடி என்னால் முடியாது. முடியாவிட்டால் பரவாயில்லை. அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ விதி கிடையாது. 3,000 நடப்பவர் 5,000 நடந்தாலே பலன் தொடங்கிவிடும்.

வெளியே வெயில், மழை. உண்மைதான், நம் ஊர் வானம் அப்படி. காலை 7 மணிக்கு முன், அல்லது மாலையில் திடலுக்குப் போகலாம். மழை பெய்தால் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது. மின்தூக்கியை இரண்டு மாடி முன்பே விட்டு இறங்கிவிடுங்கள். இலண்டன் நடத்துநர்களைக் காப்பாற்றியதும் படிக்கட்டுதான்.

பெண்பிள்ளை வெளியே ஓடினால் நாலு பேர் பேசுவார்கள். இது தங்கைகளின் சாக்கு அல்ல, பெரியவர்கள் போட்ட தடை. வயதுக்கு வந்ததும் பூப்பந்து மட்டையைப் பிடுங்கி வைத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கர்ப்ப கால நீரிழிவு, எலும்புத் தேய்மானம் என்று அதன் விலையைப் பின்னால் கொடுப்பது அந்தப் பெண்தான். தனியாகப் போவது பயமாக இருந்தால் தோழிகளோ அம்மாவோ சேர்ந்து போகலாம். ஏற்பாடு செய்வது அண்ணன் தம்பிகளின் கடமையும்கூட.

ஒரு கவனம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் இருப்பவர்களும், ஏற்கெனவே நீரிழிவுக்கோ இருதயத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடி முட்டியைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பும் ஆலயம்தான்

சமய வகுப்பில் ஆன்மாவைப் பற்றிப் படிக்கிறோம். அதனால் உடம்பு முக்கியமில்லை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நம் பெரியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. திருமூலர் உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகக் கண்டு அதைப் பேணினார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகத்தைப் பற்றியது. சுவாமி விவேகானந்தர் 1897ல் சென்னையில் பேசியபோது, பலவீனமான இளைஞர்களைப் பார்த்து, முதலில் காற்பந்து ஆடி உடம்பை உறுதியாக்குங்கள், கீதை அப்புறம் நன்றாகப் புரியும் என்ற பொருளில் சொன்னார்.

வழிபாட்டு முறைகளிலும் அசைவு இருக்கிறது. 12 நிலைகள் கொண்ட சூரிய நமஸ்காரம் உடம்பின் பெரிய தசைகள் பலவற்றுக்கும் வேலை கொடுக்கிறது. கோயிலை வலம் வருகிறோம், விழுந்து வணங்குகிறோம். பத்துமலையில் 272 படி ஏறுகிறோம். தைப்பூசத்துக்கு ஒருநாள் மூச்சு வாங்க ஏறிவிட்டு, மறுநாளிலிருந்து அடுத்த தைப்பூசம் வரை உட்கார்ந்துவிடுவதுதான் நம் பிரச்சினை. ஆலயக் கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் திரட்டும் நாம், இந்த ஆலயத்தின் பராமரிப்புக்கு நாளுக்கு 30 நிமிடம் ஒதுக்கக் கூடாதா?

கிளையில் செய்து பார்க்க

இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு மூடி வைத்தால் பயனில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றைச் செய்யுங்கள்.

1. ஓர் அளவுநாடா கொண்டு வாருங்கள். அவரவர் இடுப்புச் சுற்றளவைத் தொப்புள் மட்டத்தில் அவரவரே அளந்து, அவரவர் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளட்டும். யாரையும் கேலி செய்யக் கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கவும்.

2. காலையில் எழுந்ததும் ஒரு நிமிடத்துக்கு நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். பயிற்சி தொடரத் தொடர அந்த எண் மெல்ல இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

3. ஒரு வாரத்துக்கு, நாள் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்று உண்மையாகக் குறியுங்கள். வகுப்பு, பயணம், சாப்பாடு, கைத்தொலைபேசி எல்லாம் சேர்த்து. கூட்டிப் பார்த்தால் தூக்கம் வராது.

4. கூட்டம் முடிந்ததும் தேநீருக்கு முன் 15 நிமிடம் எல்லாரும் சேர்ந்து நடங்கள். அன்றைய விவாதத்தை நடந்துகொண்டே முடிக்கலாம்.

5. 30 வயதைத் தாண்டிய குடும்பத்தினர் ஒருவரையாவது இந்த மாதம் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள்.

கலந்துரையாட: உங்கள் தாமானில் மாலையில் திடலைப் பயன்படுத்துபவர்கள் யார்? நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களா? இல்லையென்றால் ஏன்? நம் கோயில் விழாக்களில் பரிமாறும் உணவிலும் பானத்திலும் எதை மாற்றலாம்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று பாட்டிமார் சொல்வார்கள். சமயம், மொழி, படிப்பு, சமுதாய சேவை என்று நாம் வரைய நினைக்கும் சித்திரங்கள் நிறைய இருக்கின்றன. சுவரைக் கவனியுங்கள். இந்த இதழை மூடிவிட்டு, முதலில் எழுந்து நில்லுங்கள்.